அரும்பொருளகம் போகலாமா? சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு புதுக் கண்காட்சி தொடங்கினால் ஆங்கிலச் செய்திகளில் உடனே வந்துவிடும். நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அது வந்து சேரும்போது முடியப்போகும் நேரமாகியிருக்கும். வரும் மாதங்களில் எங்கே எதைப் பார்க்கலாம், யாருக்கு இலவசம், தமிழில் விளக்கம் கிடைக்குமா என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு மாதத்தை மட்டும் சொல்லியிருக்கிறேன். சரியான நாளையும் நேரத்தையும் கிளம்பும் முன் அந்தந்த அரும்பொருளகத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எந்த அரும்பொருளகத்துக்கும் போனதில்லை. முதலில் எங்கே போகலாம்?

கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்கு. தேக்கா சந்தைக்கு வாரம் தவறாமல் போகிறவர்கள்கூட அதன் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். உள்ளே நுழைந்திருக்க மாட்டார்கள். 2015 மே மாதம் திறக்கப்பட்டது. வட இந்தியாவின் படிக்கிணறுகளை மனத்தில் வைத்து முகப்பைக் கட்டியிருக்கிறார்கள். பொழுது சாய்ந்து விளக்கு போட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள சுவரோவியம் வெளியே தெரியும். கடைக்குப் போய்த் திரும்பும்போது எதிர்ப்பக்கம் நின்று ஒரு தடவை பாருங்கள்.

நிரந்தரக் காட்சிக்கூடங்கள் மேல்மாடிகளில் இருக்கின்றன. தெற்காசியாவுக்கும் இந்த வட்டாரத்துக்கும் இருந்த பழங்கால உறவில் தொடங்கி, இங்கே வந்து வேலை செய்து வேரூன்றியவர்களின் கதைவரை வரிசையாகச் செல்கிறது. நான் யாரைக் கூட்டிப்போனாலும் செட்டிநாட்டு நிலைவாசலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கவைப்பேன். 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மூன்று மீட்டருக்கும் மேலே உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய மரக்கதவு, அவ்வளவுதான். கிட்டப் போய் நின்றால்தான் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் செதுக்கல்கள் கண்ணில் படும். பிள்ளைகள் என்றால் ஒரே ஒரு விரற்கடை அளவு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் என்னென்ன உருவம் இருக்கிறது என்று கேளுங்கள். பத்து நிமிடம் நகரமாட்டார்கள்.

திங்கட்கிழமை மூடியிருக்கும். லிட்டில் இந்தியா, ரோச்சோர், ஜாலான் புசார் ஆகிய மூன்று எம்ஆர்டி நிலையங்களிலிருந்தும் நடந்தே போய்விடலாம்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம். 2013 மே 18-ஆம் தேதியிலிருந்து இதுதான் நடைமுறை. இத்தனை ஆண்டுகள் ஆகியும் "டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்பவர்கள் நிறைய இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அடையாள அட்டையைக் காட்டினால் போதும். தேசிய மரபுடைமைக் கழகம் நடத்தும் இந்திய மரபுடைமை நிலையம், ஆசிய நாகரிக அரும்பொருளகம், பெரனாக்கான் அரும்பொருளகம், தேசிய அரும்பொருளகம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தேசியக் கலைக்கூடத்தின் நிரந்தரக் காட்சிகளும் அப்படியே.

சிறப்புக் கண்காட்சி என்றால் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. தனியார் நடத்துபவையும் பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அரும்பொருளகமும் கட்டணம் வாங்குவார்கள். வெளிநாட்டவர் பெரும்பாலான இடங்களில் சீட்டு வாங்க வேண்டும்.

அக்கா, நாங்கள் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. எங்களுக்கு ஏதாவது இலவசமா இருக்கா?

இருக்கிறது தம்பி. நான் மிகவும் அக்கறையோடு பதில் சொல்ல விரும்பும் கேள்வி இதுதான். இந்த ஊரைக் கட்டுகிறவர்களுக்கு இந்த ஊரின் கதையைக் கேட்கும் வாய்ப்பு குறைவாக இருக்கிறது. அது மாற வேண்டும்.

முதலில் தேசிய நூலகம். விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் நுழையலாம். அங்கே நடக்கும் கண்காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம்.

இரண்டாவது, தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டியது. அப்போது அந்தத் தெரு கடற்கரையாக இருந்தது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் முதலில் நன்றி சொன்ன இடம். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துத் தம்பிகளுக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வரும். போகும் முன் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்ஸ்வெல் ரோட்டில் இருக்கும் சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடமும் எல்லாருக்கும் இலவசம். நகரத்தின் நடுப்பகுதி முழுவதையும் சின்ன மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் வேலை செய்த கட்டடத்தை அதில் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் மூடியிருக்கும். வார நாளில் ஓய்வு கிடைத்தால் மட்டும் போங்கள்.

அப்புறம், பொங்கல், தீபாவளிச் சமயங்களில் இந்திய மரபுடைமை நிலையம் கலைநிகழ்ச்சிகள் நடத்தும். திறந்த இல்லம் என்று அறிவிக்கும் நாட்களில் கட்டணமில்லாமல் உள்ளே விடுவது வழக்கம். அறிவிப்பில் 'அனைவருக்கும்' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அரசாங்கம் 100 வெள்ளி கொடுத்ததே, அதை அரும்பொருளகத்தில் பயன்படுத்தலாமா?

எஸ்ஜி கல்ச்சர் பாஸைச் சொல்கிறீர்கள். 2025-இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூர்க் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி மதிப்புள்ள தொகை ஒதுக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் 2028 டிசம்பர் 31 வரை பயன்படுத்தலாம். உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்குத்தான் செல்லும்: கட்டணமுள்ள கண்காட்சி, வழிகாட்டியோடு போகும் நடை, பட்டறை, மேடை நிகழ்ச்சி. சீட்டு வாங்கும்போது சிங்பாஸ் மூலம் கழித்துக்கொள்ளலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நீங்களே உட்கார்ந்து செய்துகொடுங்கள். எத்தனையோ பாட்டிகளின் 100 வெள்ளி அப்படியே தூங்குகிறது.

நிரந்தரக் காட்சிகள் உங்களுக்கு ஏற்கனவே இலவசம் என்பதால் இந்தத் தொகையைத் தமிழ் நாடகத்துக்கோ பட்டறைக்கோ வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. தமிழ் நிகழ்ச்சிக்குச் சீட்டு விற்றால்தான் அடுத்த தமிழ் நிகழ்ச்சி வரும்.

வருடத்தில் எந்த மாதத்தில் என்ன நடக்கும்?

ஜனவரியில் பொங்கலையொட்டி லிட்டில் இந்தியா களைகட்டும். அதே மாதத்தில் தேசியக் கலைக்கூடத்தைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களின் மேல் ஒளியோவியம் பாய்ச்சும் 'லைட் டு நைட்' விழாவும் நடப்பது வழக்கம். இரவில் குடும்பத்தோடு நடந்து பார்க்கலாம், வெளியே நடப்பவற்றுக்குக் கட்டணம் இல்லை. பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு நாள். போர்க்கால வரலாற்றைச் சொல்லும் இடங்களுக்குப் போகப் பொருத்தமான சமயம்.

ஏப்ரல் முழுக்கத் தமிழ்மொழி விழா. வளர்தமிழ் இயக்கம் முன்னின்று நடத்துகிறது. பள்ளிகள், அமைப்புகள், நூலகங்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். தமிழில் உரையும் நடையும் பட்டறையும் அதிகமாகக் கிடைக்கும் மாதம் இது. நாட்காட்டியில் ஒரு சனிக்கிழமையையாவது இப்போதே குறித்துவையுங்கள்.

மே 18 அனைத்துலக அரும்பொருளக நாள். சிங்கப்பூர் மரபுடைமை விழாவும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும். 2004 முதல் நடக்கும் இந்த விழாவில் அக்கம்பக்க நடை, பழைய கட்டடங்களுக்குள் சுற்று, சமையல் விளக்கம், கைவினை என்று தீவு முழுக்க நிகழ்ச்சிகள் இருக்கும், பெரும்பாலானவை இலவசம். ஆனால் நல்ல நடைகளுக்குப் பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடம் போய்விடும். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் கிடைக்காது. இந்திய உணவு, கோயில், தொழில் பற்றிய நடைகளுக்குத்தான் போட்டி அதிகம்.

ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள். ஆகஸ்டில் தேசிய தினக் கொண்டாட்டம், அதையொட்டி பிராஸ் பாசா, பூகிஸ் வட்டாரத்தில் சிங்கப்பூர் இரவு விழா. தீபாவளி நெருங்கும்போது கேம்பல் லேனில் கூட்டம் நெருக்கும். அந்தச் சமயத்தில் இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் வாசலை அடையவே பாடுபட வேண்டியிருக்கும்.

தமிழில் விளக்கம் கிடைக்குமா? ஆங்கிலத்தில் சொன்னால் அம்மாவுக்குப் புரியாது.

இந்திய மரபுடைமை நிலையத்தில் தமிழ் விளக்கங்கள் உண்டு, தன்னார்வலர்கள் தமிழில் கூட்டிச்செல்லும் சுற்றுகளும் நடத்தப்படுவதுண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். சில இடங்களில் மாண்டரின், ஜப்பானிய மொழிச் சுற்றுகளும் இருக்கும்.

ஜப்பானிய மொழியில் சுற்று எப்படி வந்தது? இங்கே வாழும் ஜப்பானியர்கள் தாங்களே தன்னார்வ வழிகாட்டிகளாகப் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் ஆட்களும் வந்தார்கள். தமிழ் இந்த நாட்டின் அதிகாரத்துவ மொழி. நாம் கேட்டால் கொடுக்காமல் இருக்கமாட்டார்கள். ஆனால் கேட்பதே இல்லையே! பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து, இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்: "எங்கள் குழுவில் மூத்தவர்கள் இருக்கிறார்கள், தமிழில் விளக்க ஒருவர் கிடைப்பாரா?" அந்த நாளுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றாலும், தமிழில் கேட்டார்கள் என்பது பதிவாகும். அடுத்த ஆண்டு நிகழ்ச்சிகளைத் திட்டமிடுகிறவர்கள் இப்படி வந்த கோரிக்கைகளைத்தான் பார்ப்பார்கள்.

ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் நமக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. எம்பிரஸ் பிளேசில், சிங்கப்பூர் ஆற்றங்கரையில், 1867-இல் கட்டிமுடித்த பழைய அரசாங்கக் கட்டடத்தில் இயங்குகிறது. ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டியிலிருந்து பாலத்தைக் கடந்தால் வந்துவிடும்.

தரைத்தளத்தில் சீனத்துத் தாங் வம்ச காலத்துக் கப்பல் சரக்கு. 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்குப் பக்கத்தில் கடலடியில் கண்டெடுத்தது. ஏறக்குறைய கி.பி. 830-இல், சீனாவிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தபோது மூழ்கிய கப்பல். அதிலிருந்து 60,000-க்கும் மேற்பட்ட பீங்கான், மண்பாண்டங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை சாங்ஷா என்ற ஊரின் சூளையில் வெந்த கிண்ணங்கள். ஒரே அளவு, ஒரே வடிவம். ஆனால் ஒவ்வொன்றிலும் தூரிகை வேறு மாதிரி ஓடியிருக்கிறது: ஒன்றில் பறவை, ஒன்றில் மீன், ஒன்றில் ஏதோ எழுத்து மாதிரியான கோடுகள். ஒரு கிண்ணத்தில் 826-ஆம் ஆண்டுக்குரிய தேதி இருந்ததால்தான் கப்பலின் காலத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிந்தது.

கப்பலைக் கட்டிய விதத்தைக் கவனியுங்கள். ஆணி இல்லை. பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். நம் கரையில் மசூலா படகையும் இப்படித்தான் தைத்தார்கள். மீனவர் குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் வழிகாட்டியே தேவைப்படாது.

மேலே சமயக் கலைக் கூடத்தில் தமிழகத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. அலங்காரம், பட்டு, மாலை எதுவும் இல்லாமல் ஒரு திருமேனியை நாலு பக்கமும் சுற்றிப் பார்ப்பது கோயிலில் கிடைக்காத வாய்ப்பு. முதுகுப்பக்கம் முடி விழும் விதம், இடுப்பு ஆடையின் மடிப்பு இதெல்லாம் அப்போதுதான் தெரியும். துணிகளுக்கான கூடத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து தென்கிழக்காசியாவுக்கு ஏற்றுமதியான அச்சுத் துணிகளையும் பார்க்கலாம், எது காட்சியில் இருக்கிறதோ அது.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும். வேலை முடிந்து போக வசதியான நேரம் அது.

அங்கே இருக்கும் சாமி சிலைகளெல்லாம் திருடிக்கொண்டு வந்ததுதானே?

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருட்டுப்போன சோழர்காலத்து உமா பரமேஸ்வரி திருமேனி ஒன்று, நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி ஒருவர் வழியாக 2007-இல் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு வந்தது. விலை 650,000 அமெரிக்க டாலர். வாங்கியபோது காட்டிய ஆவணங்கள் போலி என்பது பின்னால்தான் தெரியவந்தது. அந்த வியாபாரி கைதாகி வழக்கு நடந்தது. 2015-இல் சிங்கப்பூர் அந்தத் திருமேனியை இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தது.

இந்த ஒரு சம்பவத்தை வைத்து அங்கிருக்கும் எல்லாவற்றையும் திருட்டுப்பொருள் என்று சொல்வது சரியில்லை. பழைய சேகரிப்புகளிலிருந்து முறையாக வந்தவை உண்டு, குடும்பங்கள் மனமுவந்து கொடுத்தவை உண்டு. ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து, யார் யார் கைமாறி வந்தது என்று கேட்பது பார்வையாளரின் உரிமை. சிலைக்குப் பக்கத்தில் உள்ள குறிப்பைப் படியுங்கள். எந்த ஆண்டு, எப்படி வந்தது என்று இல்லையா? வழிகாட்டியிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் எழுதிக் கேளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் இதனால் நன்மைதான்.

தேசிய அரும்பொருளகத்தை மூடிவிட்டார்களாமே?

முழுவதுமாக மூடவில்லை. 2023 செப்டம்பரிலிருந்து கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் புதுப்பிக்கிறார்கள். 1887-இல் திறந்த கட்டடம், பராமரிப்பு தேவைப்படத்தானே செய்யும். போகும் முன் எந்தக் கூடங்கள் திறந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே தமிழர்கள் தவறவிடக்கூடாத பொருள் ஒன்று உண்டு: சிங்கப்பூர்க் கல். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் மூன்று மீட்டர் உயரத்துக்கு, ஏறக்குறைய ஐம்பது வரிக் கல்வெட்டோடு ஒரு பெரும்பாறை நின்றது. 1843-இல் அங்கே கட்டுமானத்துக்கு இடம் வேண்டும் என்று வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டுகளில் ஒன்றுதான் இங்கே இருக்கிறது. இன்றுவரை யாராலும் முழுமையாகப் படிக்க முடியவில்லை. 2019-இல் ஐயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர், அதில் 'கேசரிவ' என்று வாசிக்கக்கூடிய எழுத்துகள் இருப்பதாகவும், அவை ராஜேந்திர சோழனும் சூடிய 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றும் எழுதினார். இது ஒரு கருத்துதான், முடிந்த முடிவு அல்ல. "சிங்கப்பூரில் சோழர் கல்வெட்டு நிரூபணம்!" என்று யாராவது அனுப்பினால் அப்படியே முன்னனுப்பிவிடாதீர்கள். ராஜேந்திர சோழனுக்குப் பொய்ப் பெருமை தேவையில்லை. கல்லை நேரில் பார்த்துவிட்டு, தேய்ந்துபோன அந்த எழுத்துகளைப் படிப்பது எவ்வளவு கடினம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா? சத்தம் போட்டால் திட்டுவார்களா?

தாராளமாகக் கூட்டிப்போகலாம். கோல்மன் ஸ்திரீட்டில் சிறுவர் அரும்பொருளகம் 2022 டிசம்பரில் திறந்தது. முன்பு தபால்தலை அரும்பொருளகம் இருந்த கட்டடம். 12 வயதுவரை உள்ளவர்களை மனத்தில் வைத்து அமைத்தது, தொட்டு விளையாடலாம். நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும்.

டைனோசர் பைத்தியமாக இருக்கும் பிள்ளை என்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். மூன்று பெரிய டைனோசர் எலும்புக்கூடுகள் நடுக்கூடத்தில் நிற்கின்றன. ஆனால் என் மனத்தை விட்டுப் போகாதது 2015-இல் ஜூரோங் தீவுக்குப் பக்கத்தில் இறந்து மிதந்த திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. பத்து மீட்டருக்கும் மேலே நீளம். அதன் வயிற்றில் கிடந்த பிளாஸ்டிக் கோப்பைகளும் உறைகளும் பற்றியும் அங்கே சொல்கிறார்கள். பிள்ளைகள் அதற்கு அப்புறம் உறிஞ்சுகுழல் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

அம்மாவால் அதிக நேரம் நிற்க முடியாது. சமாளிக்க முடியுமா?

பெரிய அரும்பொருளகங்களில் மின்தூக்கியும் சக்கர நாற்காலி வசதியும் உண்டு, முன்வாசலில் கேளுங்கள். குளிர் அதிகமாக இருக்கும், சால்வை எடுத்துப்போங்கள். ஒரே நாளில் எல்லாக் கூடத்தையும் பார்க்கவேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு மாடி, ஒரு மணி நேரம், அப்புறம் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி. இலவசம் என்பதால் இன்னொரு நாள் வந்துகொள்ளலாம்.

போனமுறை பார்த்த ஓவியம் இந்தமுறை இல்லை. எங்கே போயிற்று?

ஓய்வுக்குப் போயிருக்கும். துணியும் காகிதமும் வெளிச்சத்தில் நிறம் இழக்கும், இழந்த நிறம் திரும்ப வராது. அதனால் அவற்றுக்கான கூடத்தில் வெளிச்சத்தை ஏறக்குறைய 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்துவைப்பார்கள். "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று பலர் கேட்பதற்கும் காரணம் இதுதான். சில மாதங்கள் காட்சியில் வைத்துவிட்டு உள்ளே எடுத்துவைத்து, வேறொன்றை வைப்பார்கள். தேசிய அரும்பொருளகத்தில், சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் ஆட்சியாளரான வில்லியம் ஃபார்க்கரின் இயற்கை ஓவியத் தொகுப்பு 477 ஓவியங்கள் கொண்டது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் யாரும் பார்க்க முடியாது. பிடித்தமான பொருள் இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள்.

சிறப்புக் கண்காட்சிகள் சில மாதங்களில் முடிந்துவிடும். மலாக்கா செட்டிகளைப் பற்றி இந்திய மரபுடைமை நிலையம் 2018-இல் அருமையான கண்காட்சி ஒன்று வைத்தது. பல தலைமுறையாக மலாய் பேசி, கெபாயா உடுத்தி, மாரியம்மனை வணங்கும் அந்தச் சமூகத்தைப் பற்றி நம்மில் பலருக்கு அதற்கு முன் எதுவுமே தெரியாது. தவறவிட்டவர்கள் இன்னும் வருந்துகிறார்கள். சிறப்புக் கண்காட்சி என்று கேள்விப்பட்டால் முதல் மாதத்திலேயே போய்விடுங்கள், கடைசி வாரம் கூட்டமாக இருக்கும்.

படம் எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் கூடாது. தடை உள்ள இடத்தில் பலகை இருக்கும்.

போர்க்காலத்தில் இந்தியர்களுக்கு நடந்தது பற்றி எங்கே தெரிந்துகொள்ளலாம்?

புக்கிட் தீமாவில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமஷித்தாவிடம் சரணடைந்தது இந்தக் கட்டடத்தில்தான். ஜப்பானிய ஆட்சிக்காலம் பற்றிய நிரந்தரக் கண்காட்சியில் இந்திய தேசிய ராணுவம் பற்றியும் இருக்கிறது. சரணடைந்த இரண்டாம் நாளே பல்லாயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் ஒன்றுகூட்டினார்கள். நாம் மாலையில் காற்று வாங்கும் அதே திடல். நேதாஜி 1943 அக்டோபர் 21-இல் தற்காலிக சுதந்திர இந்திய அரசை அறிவித்ததும் சிங்கப்பூரில்தான், கேத்தே கட்டடத்தில்.

சாங்கி தேவாலய அரும்பொருளகம் போர்க்கைதிகளின் வாழ்க்கையைச் சொல்கிறது. பாசிர் பாஞ்சாங்கில் உள்ள புக்கிட் சாந்து நினைவகம் மலாய்ப் படைப்பிரிவின் கடைசிப் போரைச் சொல்கிறது. மூன்றும் திங்கட்கிழமை மூடியிருக்கும். தாத்தாவோ பாட்டியோ மலாயாத் தோட்டத்திலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்கு இழுத்துச்செல்லப்பட்ட குடும்பங்கள் இங்கே நிறைய. கூட்டிப்போகும் முன் அவர்களிடம் பேசிவிட்டுப் போங்கள். சிலர் பார்க்க விரும்பமாட்டார்கள்.

பேட்டைக்குப் பக்கத்திலேயே ஏதாவது இருக்கிறதா?

கேலாங் சராய், தெம்பனிஸ், தாமான் ஜூரோங், கிரேத்தா ஆயர் போன்ற இடங்களில் சமூகக் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. சின்னவைதான், அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம். அந்தந்தப் பேட்டையில் வாழ்ந்தவர்களின் படங்களும் பேச்சும் அங்கே இருக்கும்.

கட்டடத்துக்குள் போகவே பிடிக்காதவர்களுக்கு லிட்டில் இந்தியா மரபுடைமை நடைப்பாதை. வரைபடத்தை இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். கெர்பாவ் ரோட்டில் 1900-இல் கட்டிய டான் டெங் நியா வீட்டின் வண்ணங்களை எல்லாரும் படம் எடுப்பார்கள். டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் வாசலுக்கு மேலே உள்ள சூரியனை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. 25 கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில்.

எங்கள் வீட்டில் பழைய பொருள்கள் இருக்கின்றன. அரும்பொருளகம் வாங்கிக்கொள்ளுமா?

கேட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஏற்கனவே அதுபோல் இருக்கிறதா, நிலை எப்படி, பின்னால் உள்ள கதை தெரியுமா என்று காப்பாளர்கள் பார்ப்பார்கள். பெரும்பாலும் கதைதான் முடிவு செய்யும். யாருடையது என்று தெரியாத வெள்ளிக் குத்துவிளக்கைவிட, துறைமுகத்தில் வேலை செய்த தாத்தாவின் கிழிந்த அடையாள அட்டையும், அவர் எந்த ஆண்டு எந்தக் கப்பலில் வந்தார் என்ற குறிப்பும் பெரிய செல்வம்.

அதனால் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். பழைய புகைப்படங்களை எடுத்து, பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று கேளுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள், பேனா வேண்டாம், மை ஊறும். லாமினேட் செய்யவே செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. செலோடேப்பும் கூடாது. கல்யாணப் பத்திரிகை, கடைக் கணக்குப் புத்தகம், கோயில் ரசீது, ஊரிலிருந்து வந்த கடிதம் எதையும் தீபாவளி சுத்தம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பொருளைவிடப் பேச்சுதான் இருக்கிறது என்றால் தேசிய ஆவணக்காப்பகம். அதன் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979-இலிருந்து முன்னோர்களின் நேர்காணல்களைப் பதிவு செய்கிறது, தமிழில் பேசியவர்களின் குரல்களும் அதில் இருக்கின்றன. பழைய தமிழ் முரசு இதழ்களையும் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் படிக்கலாம். குடும்பத்தில் யாருடைய பெயராவது கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

நானே வழிகாட்டியாக இருக்க முடியுமா? வரலாறு படித்தவள் இல்லை.

முடியும். பட்டம் கேட்கமாட்டார்கள். சில மாதப் பயிற்சி, கொஞ்சம் படிப்பு, வாரக்கடைசியில் நேரம் ஒதுக்கும் மனது, இவை இருந்தால் போதும். தமிழில் சரளமாகப் பேசுகிறவர்கள் குறைவு என்பதால் உங்களுக்கு வரவேற்பு அதிகம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள், கையில் கோலில்லாமலே கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரிந்தவர்கள்.

காட்சிக் குறிப்பில் தமிழ் எழுத்துப்பிழை பார்த்தேன். யாரிடம் சொல்வது?

படம் எடுங்கள். எந்த மாடி, எந்தப் பொருள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சரியான வடிவத்தையும் எழுதி அந்த அரும்பொருளகத்தின் கருத்துப் படிவத்திலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். முகநூலில் போட்டுத் திட்டுவதைவிட இதற்குப் பலன் அதிகம். பலகையை மாற்ற நாளாகும். ஒரு மாதம் கழித்துப் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலை மறுபடியும் அனுப்புங்கள்.